மணலை உண்ணும் புழு: ஓதக் கரையில் அரெனிகோலாவைக் கண்டறிந்து கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு அரெனிகோலா என்ற பெயர் புதிதன்று. ஆய்வுக்கூட அலமாரியில் நீரிஸ், கீட்டோப்டெரஸ் ஆகிய பிற கடற்புழுக்களுக்கு அருகே, ஃபார்மலின் குப்பிக்குள் நிறம் வெளுத்துக் கிடக்கும் அந்தத் தடித்த புழுவை வரைந்து, செவுள்களைக் குறித்து, மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்தக் குப்பியில் இல்லாத ஒரே பொருள் மணல். அரெனிகோலா என்ற சொல்லுக்கே இலத்தீன் மொழியில் மணலில் குடியிருப்பது என்றுதான் பொருள். இந்தப் புழு மணலுக்குள் குடியிருப்பதோடு நில்லாமல் மணலையே விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் சிறிதளவு உணவைப் பிரித்தெடுத்துக்கொண்டு, மீதியைக் கரையின் மேல் சுருள் சுருளாக வெளியேற்றி வாழ்கிறது. அதன் உடலமைப்பு, வளையின் வடிவம், நாள்முழுதும் அது கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஆகிய எல்லாம் இந்த உணவுமுறையிலிருந்து பிறந்தவை. ஆகவே கடற்கரைப் புழு எதுவானாலும், அதன் வாய் என்ன செய்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கேள்வியைக் கரையில் நின்று படிப்படியாகக் கேட்பதற்கான வழியைக் கீழே விவரிக்கிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் கரையோரமாக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்துகிடக்கும் வாடன் கடலை. நெதர்லாந்து, ஜெர்மனி பகுதிகள் 2009-இலும் டென்மார்க் பகுதி 2014-இலும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. அரெனிகோலா மரினா என்னும் இனம் இவ்வளவு விரிவாக ஆராயப்பட்ட கரைகள் உலகில் மிகச் சிலவே.

முதற்படி: ஓதத்தை அறிந்து நேரத்தைத் தேர்ந்தெடுத்தல்

கடல்நீர் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. இந்த ஏற்ற இறக்கமே ஓதம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள் கழிவதால், இன்று காலை 9 மணிக்கு வற்றிய கரை நாளை 9 மணி 50 நிமிடத்தை ஒட்டித்தான் வற்றும். அமாவாசை, பௌர்ணமியை அடுத்த ஓரிரு நாட்களில் நீர் மிக அதிகமாகப் பின்வாங்கும். அப்போதுதான் கரையின் கீழ்ப்பகுதியில் வாழும் இனங்களையும் காணலாம். அந்தந்தத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் முழுமையாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே கரையில் இறங்கிவிட வேண்டும். வற்றிக்கொண்டிருக்கும் நீரைப் பின்தொடர்ந்து செல்வது பாதுகாப்பானது. நீர் திரும்பத் தொடங்கும்போது கரையை நோக்கி நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

தமிழகக் கரையை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். நம் கரையில் ஓத வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருப்பதால், நீர் வற்றினாலும் வெளிப்படுவது ஒடுங்கிய ஒரு பட்டை மணல்தான். வாடன் கடலின் சில்ட் தீவில் ஏறத்தாழ 1.8 மீட்டராக இருக்கும் இந்த வேறுபாடு, ஜெர்மன் கரையின் உட்குடாக்களில் மூன்று மீட்டரையும் கடந்துவிடுகிறது. நிலமோ கிட்டத்தட்டச் சமதளமாக இருப்பதால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கடற்படுகை வெளியே தெரியும். அதே சமதளம்தான் ஆபத்துக்கும் காரணமாகிறது. திரும்பும் நீர் முதலில் நமக்குப் பின்னால் உள்ள ஓடைகளை நிரப்பிவிட்டுத்தான் நம் காலடிக்கு வரும். எனவே தனியே செல்லக் கூடாது. வழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டியுடன் செல்வதே முறை, மூடுபனி இறங்கும் நாளில் செல்லாதிருப்பதே அறிவு.

இரண்டாம் படி: மணலைத் தொட்டுப் பார்த்தல்

புழுவைத் தேடுவதற்கு முன் மணலை ஒரு கைப்பிடி அள்ளி விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். அலை ஓங்கி அடிக்கும் கரையில் மணல் பருமனாக இருக்கும், நீர் அதில் நில்லாமல் வடிந்துவிடும், உணவுத்துகளும் தங்காது. ஓடையோரச் சேற்றில் உணவு மிகுதி, ஆனால் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லை. அரெனிகோலா விரும்புவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, சற்றே வண்டல் கலந்த நுண்மணல்.

பிறகு ஒரு சிறு கரண்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு மணலைச் சீவி, பக்கவாட்டில் தெரியும் வெட்டுமுகத்தைக் கவனியுங்கள். மேலே ஓரிரு விரற்கடை மட்டும் பழுப்பு நிறமாகவும், அதற்குக் கீழே சாம்பலாகவும் கருப்பாகவும் இருக்கும். ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கடல்நீரிலுள்ள சல்ஃபேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. அது இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகப் படிவதால் மணல் கறுக்கிறது, அழுகிய முட்டையின் வாடையும் எழுகிறது. அந்தக் கறுப்புக்கு நடுவே துருநிறத்தில் ஒரு கோடோ வட்டமோ தென்பட்டால், அது புழுவின் வளை. வளைக்குள் புழு இறைக்கும் நீரிலுள்ள ஆக்சிஜன் பட்டு அந்த இடத்தில் மட்டும் இரும்பு துருப்பிடித்திருக்கிறது.

மூன்றாம் படி: தோண்டாமல் அடையாளங்களைப் படித்தல்

பெரும்பாலானோர் கரைக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்துவிடுகிறார்கள். அது தவறு என்றே நினைக்கிறேன். தோண்டினால் கையில் கிடைப்பது புழு மட்டும்தான். அது எப்படி உண்டது, எங்கே தலை வைத்திருந்தது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கழித்தது என்ற செய்திகள் அத்தனையும் மேற்பரப்பில் எழுதப்பட்டிருக்கின்றன, முதல் வெட்டிலேயே அவை அழிந்துவிடும்.

அரெனிகோலாவின் அடையாளங்கள் இரண்டு. ஒன்று, இடியாப்ப உழக்கிலிருந்து பிழிந்துவிட்ட மாவுபோல மணலின் மேல் குவிந்திருக்கும் மணற்சுருள். அதுவே புழுவின் கழிவு. மற்றொன்று, அதிலிருந்து சற்றுத் தள்ளி, புனல்போல உள்வாங்கிய ஒரு சிறு பள்ளம். பள்ளத்துக்கு நேர்கீழே தலையும் சுருளுக்கு நேர்கீழே வாலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தால் வளையின் அகலம் தெரியும். சுருளின் இழை தடித்திருந்தால் வளர்ந்த புழு, நூல்போல மெலிந்திருந்தால் இளம்புழு. இளம்புழுக்கள் கரையின் மேற்பகுதியில் கூட்டமாக இருப்பதும், பெரியவை கீழ்நோக்கிப் பரவியிருப்பதும் ஒரே நடையில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எல்லாச் சுருளும் ஒரே புழுவுடையதல்ல. கரையின் கீழ்ப்பகுதியில், அருகே பள்ளமே இல்லாமல், கயிறு சுற்றிவைத்ததுபோல ஒழுங்கான வட்டச்சுருள் தென்பட்டால், அது அரெனிகோலா டிஃபோடியன்ஸ் என்னும் கருநிற இனமாக இருக்கலாம். நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்ட இவ்விரண்டும் 1993-இல்தான் தனித்தனி இனங்களாகப் பிரித்து விவரிக்கப்பட்டன.

இதைவிட ஏமாற்றக்கூடிய ஓர் ஒற்றுமை நம் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. குருசடைத் தீவின் பெயரை இந்திய விலங்கியல் மாணவர்களிடையே நிலைநிறுத்திய பலனோகிளாசஸ் வகையைச் சேர்ந்த டைக்கோடெரா ஃபிளேவாவும் மணலை விழுங்கி இத்தகைய சுருள்களையே விட்டுச்செல்கிறது. ஆயினும் அது அரெனிகோலாவைப் போல உடல் வளையங்களாலான வளைதசைப் புழுவே அன்று. முதுகெலும்பிகளுக்கு அதைவிட நெருங்கிய உறவான அரைநாணி என்னும் தொகுதியைச் சேர்ந்தது. உறவால் வெகுதூரம் விலகிய இரண்டு விலங்குகள், மணலை உண்பது என்ற ஒரே தொழிலை மேற்கொண்டதால் கரையில் ஒரே கையெழுத்தை இடுகின்றன. குருசடை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால், அங்கே வனத்துறையின் அனுமதியின்றிக் கால்வைப்பதோ தோண்டுவதோ கூடாது.

நான்காம் படி: எண்ணுதல்

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் மூங்கில் குச்சிகளாலோ கயிற்றாலோ சதுரம் ஒன்றை அமைத்து, அதற்குள் இருக்கும் சுருள்களைக் கையால் மென்மையாகத் தடவிச் சமன் செய்துவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் புதிதாக எழுந்திருக்கும் சுருள்களை எண்ணினால், அந்தச் சதுரத்தில் அந்நேரத்தில் உண்டுகொண்டிருக்கும் புழுக்களின் எண்ணிக்கை கிடைக்கும். வாடன் கடலின் நல்ல மணற்பரப்புகளில் ஒரு சதுர மீட்டருக்கு 20 முதல் 40 புழுக்கள் வரை இருப்பது இயல்பு. எல்லாப் புழுக்களும் ஒரே நேரத்தில் உண்பதில்லை ஆதலால் இந்தக் கணக்கு உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை எண்ணி, அவற்றுள் மிகுதியானதைக் கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: வளைக்குள் நடப்பதை மனக்கண்ணில் அமைத்தல்

வளையை எளிதாக நினைவில் வைக்க வேண்டுமானால் ஆங்கில எழுத்தான 'ஜே'யை எண்ணிக்கொள்ளுங்கள். வாலிருக்கும் நெடுங்குழாய் மேலிருந்து கீழே 20 முதல் 40 சென்டிமீட்டர் ஆழம்வரை இறங்கி, அடியில் வளைந்து, கிடைமட்டமாகச் சிறிது தூரம் செல்கிறது. இதன் சுவரைப் புழு தன் கோழையால் பூசி உறுதிப்படுத்துகிறது. கிடைமட்டப் பகுதியின் முடிவில் தலை இருக்கிறது. தலைக்கு மேலே திறந்த குழாய் கிடையாது. அங்கே மேற்பரப்புப் பள்ளம்வரை தளர்ந்த மணல்தான் நிரம்பியிருக்கிறது. இந்தத் தளர்ந்த மணல்தூணே புழுவின் உணவுக் களஞ்சியம். அடியில் புழு மணலை விழுங்க விழுங்க, மேலிருந்து மணல் சரிந்து கீழே இறங்குகிறது, அதனால்தான் மேற்பரப்பில் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் ஓதநீர் கொண்டுவந்து சேர்க்கும் நுண்ணுயிர்களும் மக்கிய துகள்களும் தங்கி, அவையும் மணலோடு கீழே இறங்குகின்றன. புழு தன் இடத்தைவிட்டு அசையாமலே, கரையின் உணவு மிகுந்த மேற்படலம் அதன் வாய்க்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

மணல் தானாகச் சரிந்து இறங்க அது இளகியிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மூச்சுநீர். புழு தன் உடல்தசைகளை அலையலையாகப் புடைக்கச் செய்து, வால் பக்கத்திலிருந்து நல்ல நீரை உள்ளிழுத்துத் தலைப் பக்கமாகத் தள்ளுகிறது. செவுள்களைக் கடந்து செல்லும் அந்த நீர், வழியில்லாமல் மணல்தூணுக்குள் கசிந்து மேலேறும்போது மணலை இளக்கிவிடுகிறது. மூச்சுவிடுதலும் உண்ணுதலும் ஒரே நீரோட்டத்தின் இரு பயன்களாக இருப்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது, அந்தக் குப்பிப் புழுவின்மேல் எனக்கு இருந்த மதிப்பே மாறிவிட்டது.

ஆறாம் படி: கடிகாரத்துடன் உட்கார்தல்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஈரம் நிறைந்த, மெல்லிய நீர்ப்படலம் தேங்கியிருக்கும் ஓர் இடத்தில் புதிதாகத் தோன்றும் ஒரு சுருளைத் தேர்ந்தெடுத்து, இரண்டடி தள்ளி அசையாமல் உட்காருங்கள். காலடி அதிர்வு பட்டால் புழு வேலையை நிறுத்திவிடும். சற்று நேரத்தில் சுருளின் நடுவே மணல் லேசாகப் பொங்கி, ஒரு புதிய இழை வளைந்து வளைந்து வெளியே வரும். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இழை வரும்வரை காத்திருங்கள்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய விலங்கியலாளர் ஜி. பி. வெல்ஸ், எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸின் மகன். இந்தப் புழுவின் ஒழுங்கைக் கருவிகளால் பதிவுசெய்து ஆராய்ந்தவர் அவர். வளர்ந்த புழு ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு ஒருமுறை பின்னோக்கி நகர்ந்து, வாலை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து கழிவை வெளியேற்றி, உடனே நீரை வேகமாக இறைத்துக்கொண்டு கீழே திரும்புகிறது என்பதையும், இடைப்பட்ட நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விட்டுவிட்டு உண்கிறது என்பதையும் அவர் காட்டினார். இந்தத் தாளங்களை நடத்தும் கடிகாரம் வெளியுலகில் இல்லை. உடலிலிருந்து பிரித்தெடுத்த உணவுக்குழலின் முன்பகுதியே தனியாகவும் அந்த உண்ணும் தாளத்தில் சுருங்கி விரிந்தது. குளிரிலும் நீர் நீண்டநேரம் வற்றியிருக்கும்போதும் இடைவெளி நீளும். எனவே உங்கள் கடிகாரம் 40 நிமிடம் காட்டவில்லையென்றால், அதைப் பிழையெனக் கருதாமல் வெப்பநிலையையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

வால் மேலே வரும் அந்தச் சில நொடிகள்தான் புழுவின் வாழ்வில் மிக ஆபத்தானவை. நீர் வற்றியிருக்கும்போது நீண்ட அலகுடைய கரைப்பறவைகளும், நீர் நிறைந்திருக்கும்போது தட்டைமீன்களும் அந்த வால்நுனியைக் கொத்திச் செல்கின்றன. வாலில் இழந்த வளையங்கள் மீண்டும் முளைப்பதில்லை. ஆனாலும் மீதமுள்ளவை நீண்டு, வால் தன் பணியைத் தொடர்கிறது.

ஏழாம் படி: உணவு எது என்று பிரித்தறிதல்

மணல் உணவன்று, உணவு ஒட்டியிருக்கும் தட்டு. இத்தகைய மணலில் உயிர்ப்பொருள் பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மணற்பருக்கைகளின்மேல் படிந்துள்ள டயட்டம் என்னும் ஒற்றைச்செல் பாசிகள், பாக்டீரியாப் படலம், பருக்கைகளுக்கிடையே வாழும் நுண்விலங்குகள், மக்கிய துகள்கள் ஆகியவையே அந்த ஒரு பங்கு. தலைக்கு மேலுள்ள மணல்தூணில் ஆக்சிஜன் கலந்த நீரைச் செலுத்துவதன்மூலம் புழு அங்கே பாக்டீரியாக்களை வளர்த்து உண்கிறது என்று கருதி, அதைத் தோட்டம் வளர்ப்பதோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் உண்டு. அது அழகிய கருத்து. எனினும் மேற்பரப்பிலிருந்து சரிந்து விழும் டயட்டம்களுக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன். நல்ல வெயில் காலத்தில் மணலின்மேல் பொன்பழுப்பு நிறத்தில் படரும் அந்தப் பாசிப்படலத்தைப் பார்த்தவர்கள் இதை எளிதில் ஏற்பார்கள்.

உணவு இவ்வளவு நீர்த்திருப்பதால், புழு செய்யக்கூடியது இரண்டே. ஒன்று, மிகுதியாக விழுங்குவது. மற்றொன்று, விழுங்கியதிலிருந்து திறம்படப் பிரிப்பது. இரண்டாவதற்காக அதன் குடற்சாற்றில் நொதிகளோடு, சோப்பைப் போலப் பரப்பிழுவிசையைக் குறைக்கும் பொருள்களும் இருக்கின்றன. அவை மணற்பருக்கையில் ஒட்டியுள்ள படலத்தைக் கழற்றிவிடுகின்றன. பெரிய பருக்கைகளையும் சிப்பித் துண்டுகளையும் புழு விழுங்குவதில்லை. விழுங்காமல் விட்டவை ஆண்டாண்டாக வளையின் அடிமட்டத்தில் சேர்ந்து, கரைக்கடியில் தனியொரு சிப்பிப் படுகையாகவே அமைந்துவிடுகின்றன. தோண்டும்போது மண்வெட்டி ஏறத்தாழ ஒரு முழ ஆழத்தில் சரசரவென்று உரசினால் அது இந்தப் படுகையாக இருக்கக்கூடும்.

எட்டாம் படி: ஒரேயொரு புழுவை எடுத்துப் பார்த்தல்

தேசியப் பூங்கா எல்லைக்குள் இல்லை என்பதையும், அந்த இடத்தில் தோண்ட அனுமதி உண்டு என்பதையும் உறுதிசெய்துகொண்ட பிறகே இப்படிக்கு வர வேண்டும். பள்ளத்துக்கும் சுருளுக்கும் நடுவே வெட்டினால் புழு இரண்டாகும். இரண்டுக்கும் வெளியே ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் குழி எடுத்து, கையால் மணலைச் சரித்துக்கொண்டே வளையை நெருங்க வேண்டும். கிடைத்த புழுவைக் கடல்நீர் நிரப்பிய வெள்ளைத் தட்டில் இடுங்கள். கையுறை அணிவது நல்லது. இல்லாவிட்டால் அதன் நிறமி விரல்களை மஞ்சளாக்கி, எளிதில் போகாமல் நிற்கும்.

10 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள இந்த உடலில் மூன்று பகுதிகளைக் காணலாம். தடித்த முன்பகுதியில் ஆறு வளையங்களில் முட்கற்றைகள் மட்டும் உண்டு. அடுத்த 13 வளையங்களில் முட்கற்றைகளோடு, புதர்போலக் கிளைத்த செந்நிறச் செவுள்கள் இணையிணையாக நிற்கின்றன. அதன்பின் செவுளும் முள்ளும் இல்லாத மெலிந்த வால். தலையில் கண்ணில்லை, உணரிழைகள் இல்லை, தாடைகள் இல்லை. நீரிஸைப் படித்தவர்களுக்கு இது குறைபாடாகத் தோன்றலாம். இருட்டில், மணலுக்கு நடுவே, வாயருகே தானே வந்து விழும் உணவை விழுங்குவதற்கு அவை எதுவும் தேவையில்லை. தேவைப்படுவது ஒரு பை போன்ற தொண்டை. தட்டிலிருக்கும் புழு அதை அவ்வப்போது வெளியே தள்ளுவதைப் பார்க்கலாம். அதன் மேலுள்ள சிறு முகிழ்களில் மணல் ஒட்டிக்கொள்ள, தொண்டை உள்ளே மடங்கும்போது மணலும் உள்ளே போய்விடுகிறது.

செவுள்களின் சிவப்புக்குக் காரணம் நம் குருதியில் உள்ள அதே ஹீமோகுளோபின் குடும்பம்தான். ஆனால் இங்கே அது செல்களுக்குள் அடைபடாமல் குருதிநீரிலேயே மிகப்பெரிய மூலக்கூறுகளாக மிதக்கிறது. நம் ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று நான்கு ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்க, அரெனிகோலாவினுடையது 156 வரை சுமக்கும். ஆறு மணி நேரம் நீர் விலகியிருக்கும் கரையில், சல்ஃபைடு நிறைந்த கருமணலுக்குள் வாழும் உயிருக்கு இது இன்றியமையாதது. மாற்று அறுவை சிகிச்சைக்கான உறுப்புகளைக் கெடாமல் காக்க இந்த ஹீமோகுளோபினையே பயன்படுத்தும் முயற்சியை, 2007-இல் பிரான்சில் தொடங்கப்பட்ட ஹெமரினா என்ற நிறுவனம் மேற்கொண்டிருக்கிறது.

ஒன்பதாம் படி: அதே மணலில் வேறு வாய்களைத் தேடுதல்

அரெனிகோலாவை நன்றாகப் பார்த்த பிறகு, அதே சதுரத்துக்குள்ளும் அதன் அருகிலும் வேறு உணவுமுறைகளைத் தேடினால் ஒப்பீடு தெளிவாகும். மணலிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சிறு குழாய்கள் நீட்டிக்கொண்டு, நுனியில் கிழிந்த துடைப்பம்போல இழைகள் விரிந்திருந்தால் அவை லானிசே கான்கிலேகாவின் குழாய்கள். மணற்பருக்கைகளையும் சிப்பித்துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கோழையால் ஒட்டி இந்தக் குழாயைக் கட்டுகிற புழு, தன் நீண்ட உணர்கொம்புகளால் மணற்பரப்பைத் துழாவியும், நீரில் மிதந்து வருவதைப் பிடித்தும் உண்கிறது. இது கொத்தனார் புழு என்று அழைக்கத் தகுந்தது. லாகிஸ் என்னும் புழு இன்னும் நேர்த்தியான கட்டடக்காரர். ஒற்றைப்பருக்கைத் தடிமனில் கூம்பு வடிவக் குழாய் செய்து, தலைகீழாக மணலில் நின்று, பொன்னிற முட்களால் மணலைக் கிளறி உண்கிறது.

ஹெடிஸ்டே டைவர்சிகலர், நாம் படித்த நீரிஸின் நெருங்கிய உறவு. அது வேட்டையாடும், பாசியைக் கடிக்கும், மேற்பரப்புச் சேற்றைச் சுரண்டும். மிதவை உயிரிகள் நீரில் மிகுந்திருக்கும் நாட்களில் வளையின் வாயில் கோழையால் வலை பின்னி, நீரை இறைத்து, வலையில் சிக்கியதை வலையோடு சேர்த்து விழுங்கும். ஒரே புழுவுக்கு இத்தனை வழிகள் இருப்பதால்தான் ஆற்றுமுகங்களின் மாறிக்கொண்டேயிருக்கும் நிலைமையில் அதனால் தாக்குப்பிடிக்க முடிகிறது.

நெஃப்டிஸ் நிலையான வளை ஏதுமின்றி மணலுக்குள் நெளிந்து சென்று பிற புழுக்களைப் பிடிக்கும் வேட்டைக்காரன். கிளைசெராவும் வேட்டையாடுவதே. உடலின் முன்பகுதியிலிருந்து திடீரென வெளிப்படும் அதன் நீண்ட தொண்டையின் நுனியில் நான்கு கருந்தாடைகள் உண்டு. ஒவ்வொன்றும் நச்சுச்சுரப்பியோடு இணைந்தது. அந்தத் தாடைகளில் செம்புக் கனிமமான அட்டகமைட் படிந்திருப்பதை 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதை வெறுங்கையால் தொடக் கூடாது, கடி குளவிக்கொட்டுப்போல வலிக்கும்.

அலை நேரே அடிக்கும் திறந்த கரைகளில் மணல் நிலையாக இராது என்பதால் அங்கே மணல் தின்னும் முறை செல்லாது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் அத்தகைய மணலில் வாழும் ஆஸ்ட்ரலோனூஃபிஸ் டெரெஸ் இரண்டு மீட்டருக்கும் மேல் வளரும் இராட்சதப் புழு. கரைக்கு ஒதுங்கும் மீன்களையும் கடற்பாசிகளையும் மோப்பம் பிடித்துத் தின்பது அதன் வழக்கம். அங்குள்ள தூண்டில்காரர்கள் வலைப்பையில் கட்டிய பழைய மீனை அலை வழிந்தோடும் மணலில் இழுத்துச் செல்வார்கள். அலை பின்வாங்கும் கணத்தில் நீர்ப்படலத்தைப் பிளந்துகொண்டு ஒரு சிறு தலை எட்டிப்பார்க்கும். மற்றொரு துண்டு மீனைக் கடிக்கக் கொடுத்து, அது உடலை வளைத்து இழுக்கும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பிடித்துவிட வேண்டும். அந்தக் கைப்பழக்கம் எளிதில் வருவதன்று.

பத்தாம் படி: இனப்பெருக்கக் காலத்தைக் குறித்துவைத்தல்

இலையுதிர்காலத்தில், பெரும்பாலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், வற்றிய கரையில் பால்போல் வெண்மையான சிறு தேங்கல்களைக் கண்டால் அவை ஆண்புழுக்கள் வெளியிட்ட விந்து. 8,11,14-ஐகோசாட்ரையீனோயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் ஆணின் உடலுக்குள் அந்த வெளியீட்டைத் தூண்டுகிறது. ஏறும் ஓதம் அந்த விந்துவைக் கலைத்துப் பரப்ப, பெண்புழுக்கள் மூச்சுக்காக நீரை இறைக்கும்போது விந்தும் அவற்றின் வளைக்குள் சென்று முட்டைகளோடு சேர்கிறது. இளம்புழுக்கள் அங்கிருந்து வெளியேறி, நீரோட்டத்தில் சென்று வேறிடத்தில் வளர்ந்து, பிறகே மேற்கரை மணலில் குடியேறுகின்றன.

பதினோராம் படி: கரை முழுவதையும் ஒரே பார்வையில் காணுதல்

ஒரு புழுவின் உணவைப் பார்த்தாயிற்று. ஆயிரக்கணக்கான புழுக்கள் உண்டால் கரை என்ன ஆகும்? மண்புழுக்கள் நிலத்தை உழுவதைப் பற்றி டார்வின் 1881-இல் எழுதினார். பத்தாண்டுகள் கழித்து சார்லஸ் டேவிசன் என்பவர், இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹோலி தீவின் மணற்பரப்பில் அரெனிகோலாவின் சுருள்களை எண்ணி எடைபோட்டு, ஓர் ஏக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 1,900 டன் மணல் மேலே கொண்டுவரப்படுவதாகக் கணக்கிட்டார்.

புழு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதைச் சில்ட் தீவின் கோனிக்ஸ்ஹாஃபன் குடாவில் 2002-இல் தொடங்கிய சோதனை நேரடியாகக் காட்டியது. 20 மீட்டருக்கு 20 மீட்டர் பரப்புகளில், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைப் புதைத்தார்கள். வலையைக் கடந்து வளை தோண்ட இயலாமல் அரெனிகோலா அப்பரப்புகளைவிட்டு விலகியது. நாளடைவில் அங்கே நுண்வண்டலும் உயிர்ப்பொருளும் சேர்ந்தன, மணலுக்குள் சல்ஃபைடு கூடியது, சேற்றை விரும்பும் வேறு புழுக்கள் பெருகின. மணற்கரை மணற்கரையாகவே நீடிப்பதற்கு அலையும் காற்றும் மட்டுமல்லாமல், நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வாலைத் தூக்கும் இந்தப் புழுவும் காரணம் என்பது அதிலிருந்து விளங்கியது. இந்தச் சோதனையை ஒரு கரையுயிரியல் ஆய்வு எப்படி எளிமையாக அமைய வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாகவே கருதுகிறேன்.

பன்னிரண்டாம் படி: திரும்ப விடுதல்

தோண்டிய மணலைக் குழிக்குள்ளேயே தள்ளிச் சமன் செய்துவிட வேண்டும். குவித்துவிட்டுப் போனால் அதன் அடியில் மாட்டிக்கொண்ட சிப்பிகள் மூச்சுத்திணறிச் சாகும். பிறகு தட்டிலிருக்கும் புழுவை, மெல்லிய நீர்ப்படலம் உள்ள இடத்தில், விரலால் சிறு பள்ளம் செய்து, தலை அதில் படும்படி வையுங்கள். முதலில் தொண்டையை நீட்டி மணலை இளக்கும். அடுத்து முன்பகுதியை விரித்து நங்கூரம் போல நிலைநிறுத்திக்கொண்டு, உடலை உள்ளே இழுக்கும். மீண்டும் இளக்கும், மீண்டும் இழுக்கும். பறவைகள் வராமல் அருகிலேயே நில்லுங்கள். சில நிமிடங்களில் செவுள்களின் சிவப்பு மறைந்து, கடைசியாக வால்நுனியும் மணலுக்குள் போய்விடும். அந்த இடத்தின் அருகே ஒரு குச்சியை நட்டுவைத்து, மறுநாள் 50 நிமிடம் தாமதித்து வரும் வற்றுநேரத்தில் வந்து பாருங்கள். குச்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளமும், சற்றுத் தள்ளி ஈரம் காயாத ஒரு மணற்சுருளும் இருந்தால், புழு மறுபடியும் உண்ணத் தொடங்கிவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுக் குச்சியை எடுத்துவிடலாம்.